எங்கள் எம்.எல்.ஏ. ஆபீசும் அதன் மாதத் தாளும்: ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரி நகரப் பகுதித் தொகுதி ஒன்றில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே போகிற மனுக்களில் நிறைய என் கடையில் டைப் ஆகித்தான் போகின்றன. கொடுத்த மனு என்ன ஆச்சு என்பதும் சீக்கிரமே எனக்குத் தெரிந்துவிடும். நடந்தால் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், நடக்காவிட்டால் அடுத்த மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொகுதியின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் போடவில்லை. போட்டால் படிப்பவர்கள் கட்சியைப் பார்ப்பார்கள், வேலையைப் பார்க்க மாட்டார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் என் கடையில் காப்பி எடுக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு சேவையைப் பற்றி: அந்த ஆபீஸ் மனு வாங்குகிற விதம், அப்புறம் எந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று மாதாமாதம் அது வெளியிடுகிற தாள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையில் பெரும்பங்கு தாளின் கடைசிப் பக்கத்துக்குத்தான்.

முதலில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ. ஆபீசுக்கா போவீர்கள் என்று கடலூரில் இருக்கிற என் தங்கை கேட்பாள். அவள் ஊர் 2021-ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு, வார்டுக்கு ஒரு கவுன்சிலர். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவாள். எங்களுக்கு அந்தக் கதவே கிடையாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்தது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. 2021-ல் அறிவித்தார்கள், இட ஒதுக்கீடு வழக்கு என்று அதுவும் நின்றுபோனது. நகராட்சி இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர் மட்டும் இல்லை. எனவே வாய்க்கால் நாற்றம் முதல் முதியோர் பென்ஷன் வரை எல்லாம் ஒரே ஆளின் வாசலில் போய்ச் சேருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தொகுதி சின்னது. பிரதேசம் முழுக்கச் சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சுமார் இரண்டரை லட்சம் வரும். அங்கே எம்.எல்.ஏ.வை மேடையில் பார்ப்பார்கள். இங்கே காலையில் பால் வாங்கப் போகிற வழியில் பார்ப்போம், கல்யாணத்திலும் பார்ப்போம், சாவு வீட்டிலும் பார்ப்போம். பார்த்த இடத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுவதும் அதனால்தான். சொன்னதற்கு எழுத்து இருக்காது, தேதி இருக்காது. "அன்னிக்கே அண்ணன்கிட்ட சொன்னேனே" என்பதோடு போய்விடும்.

பெஞ்சல் புயல்தான் இதை மாற்றியது. 2024 நவம்பர் 30 ராத்திரி. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் தொகுதியிலும் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு நின்றது. அரசு ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது, அது வேறு விஷயம். தண்ணீர் வடிந்த மறுநாள் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: போன வருஷமே வாய்க்காலைப் பற்றிச் சொன்னோமே, என்ன செய்தீர்கள்? பதில் சொல்ல அந்த ஆபீசில் எழுத்தில் ஒன்றும் இல்லை. யார் சொன்னார்கள், எந்தத் தெரு, எந்தத் துறைக்கு அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டுகூடக் கிடையாது. அதற்கு அடுத்த பொங்கல் முடிந்து, ஆபீசில் மனுவுக்கு எண் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் இந்தத் தாள் வந்தது.

தாள் என்று நான் சொல்வது ஏ3-ஐ நடுவில் மடித்த நான்கு பக்கம். வெறும் கருப்பு மை. முதல் பக்கத்தில் உறுப்பினரின் போட்டோ சின்னதாக ஒன்று, ஆபீஸ் நேரம், போன் நம்பர். அதற்குக் கீழே நேராக அட்டவணை தொடங்கிவிடும். தெரு, வேலை, எந்தத் துறை, மனு வந்த மாதம், இப்போது எந்த நிலையில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் பி.டி.எப். ஆகப் போடுகிறார்கள். முன்பு தொகுதிச் செய்தி என்று வந்ததெல்லாம் பளபள ஆர்ட் பேப்பரில் இருக்கும். பொன்னாடை, பூமி பூஜை, ரிப்பன், பிறந்தநாள் வாழ்த்து. என் தெருவுக்கு என்ன ஆச்சு என்று அதில் தேடினால் ஒரு வரி கிடைக்காது. இதில் கிடைக்கிறது.

'நிலை' என்ற அந்தக் கட்டம்தான் தாளின் உயிர். மனு பெறப்பட்டது, நேரில் பார்த்தது, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, முடிந்தது என்று ஏழு படி. கடைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கி விளக்கியே எனக்குப் பழகிவிட்டது. இளநிலைப் பொறியாளர் வந்து அளந்துவிட்டுப் போனாலே வேலை ஆரம்பித்துவிட்டது என்று தெருவில் நினைப்பார்கள். அது மதிப்பீடு மட்டும். அதற்குப் பிறகு அந்தத் தொகைக்கு ஒப்புதல் வர வேண்டும், நிதித்துறை பார்க்க வேண்டும். நம்முடையது யூனியன் பிரதேசம். முதல்வர், அமைச்சர்கள் இருக்கிறார்கள், அதற்கு மேல் துணைநிலை ஆளுநரும் இருக்கிறார். சில கோப்புகள் அவர் வரை போய் வர வேண்டும். டெண்டர் விட்டால் எடுக்க ஆள் வர வேண்டும். எடுத்தவருக்கு மழைக்காலம் குறுக்கே வரும். இத்தனை படியும் தெரிந்தால் திட்டுகிறவர்கள்கூடச் சரியான ஆளைத் திட்டுவார்கள். ஒரு வரி நான்கு மாதமாக 'நிர்வாக ஒப்புதல்' கட்டத்திலேயே நிற்கிறது என்று தெரிந்தால், அங்கே போய் நிற்கலாம். எங்கள் தெரு நலச் சங்கம் அப்படித்தான் செய்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட துறைக்குப் போனார்கள். "எங்க எம்.எல்.ஏ.வே போட்டிருக்காரு சார், உங்ககிட்டதான் நிக்குதுன்னு" என்று சொன்னபோது அங்கே இருந்தவர் கோப்பை எடுத்துப் பார்த்தாராம்.

துறை எது என்று போடுவதும் பெரிய உபகாரம். தெருவோரச் சின்ன வாய்க்காலைச் சுத்தம் செய்வது நகராட்சி. பெரிய வாய்க்கால் பொதுப்பணித் துறையிடம். பாதாளச் சாக்கடையும் குடிநீரும் அதே பொதுப்பணித் துறையில் வேறு பிரிவு. தெருவில் கருப்புத் தண்ணீர் நின்றால் இதில் யாரிடம் சொல்வது? ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கை காட்டும். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடை விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் சாக்கடை மூடி, சேம்பர், நாற்றம் எதையுமே சின்னப் புகார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில் ஒரு வாரம் முழுக்க எனக்கு அந்த மனுக்கள்தான். டைப் அடிக்கும்போதே பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தில் பயம் தெரியும்.

இனி கடைசிப் பக்கம். 'முடியாதவை' என்று தலைப்பு. இப்படி ஒரு பக்கத்தை எந்த அரசியல்வாதியின் நோட்டீசிலும் நான் பார்த்ததில்லை. ஒரு குறுக்குத் தெருவில் வாய்க்காலை அகலப்படுத்தக் கேட்டிருந்தார்கள். 'முடியாது, இரண்டு பக்கமும் தனியார் பட்டா, இடம் கையகப்படுத்தாமல் செய்ய வழியில்லை' என்று போட்டிருந்தது. இன்னொரு வரியில் ஒரு சமுதாயக் கூடம்: 'இடம் வழக்கில் இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை இல்லை.' அந்தக் குறுக்குத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஏ.எப்.டி. மில் தொழிலாளி ஒருவர் வருடக்கணக்கில் இதே மனுவைத் தேதி மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தவர். 2020-ல் மூடின மில்லின் பாக்கிப் பணத்துக்கு ஒரு மனு, வாய்க்காலுக்கு ஒரு மனு, இரண்டும் சேர்த்துத்தான் எடுப்பார். தாளைப் படித்துவிட்டு, "சரிம்மா, இதுக்கு இனிமே காசு செலவு பண்ண வேணாம்" என்றார். கோபப்படவில்லை. அந்தக் காசில் வீட்டு வாசற்படியை ஓர் அடி உயர்த்திக் கட்டிக்கொண்டார். அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இல்லை என்று தெளிவாகச் சொன்னால் ஒரு மனிதர் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறார். பார்க்கலாம், ஆகட்டும் என்று இழுத்தால் அவர் காத்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் பக்கத்திலேயே 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் எனக்கும் ஒரு பங்கு. என் கடை இருக்கிற தெருமுனையில் யூ வாய்க்காலின் மேல்மூடி உடைந்து கிடந்தது. கான்கிரீட் பெயர்ந்து கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை அதன் விளிம்பில்தான் திருப்புவார்கள். ராத்திரியில் யாரோ ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒரு மாதத் தாளில் அந்த வரிக்கு நேரே 'முடிந்தது' என்று இருந்தது. வாய்க்காலைத் தூர் வாரியது உண்மை. மூடி போடவில்லை. போனில் படம் எடுத்து ஆபீஸ் நம்பருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான் செய்தேன், சண்டைக்குப் போகவில்லை. அடுத்த மாதத் தாளில், 'சென்ற மாதம் முடிந்தது எனப் போட்டது சரியல்ல, தூர் வாரும் பணி மட்டும் முடிந்தது, மேல்மூடி போடப்படவில்லை' என்று அச்சாகி வந்தது. மூடி அதற்குப் பிறகு வந்தது, நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இந்தத் தாளை நான் நம்ப ஆரம்பித்தது மூடி போட்டதால் அல்ல, அந்த ஒரு வரியை அச்சடித்ததால்.

ஆபீசுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மனு கொடுத்தால் இரண்டாவது நகலில் சீல் குத்தி எண் எழுதித் தருகிறார்கள். அதைக் காட்டினால் என் கடையில் வாட்ஸ்அப்பிலேயே நிலை கேட்டுத் தருவேன். கணினியில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை பொறுமைசாலி. எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் ஆயா ஒருவருக்கு வர வேண்டிய உதவித்தொகை சில மாதமாக வரவில்லை. பேங்கில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள், துறையில் கேட்டால் போட்டுவிட்டோம் என்கிறார்கள். ஆயாவுக்கு நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. நானும் கூடப் போனேன். அந்தப் பெண் புதிதாக மனு எழுதச் சொல்லவில்லை.

"ஆயா, உங்களுக்கு வேற எந்த பேங்க்லயாவது அக்கவுண்ட் இருக்கா? கேம்ப் கீம்ப்ல யாராவது ரேகை வாங்கித் தொறந்து குடுத்தாங்களா?"

ஆயா யோசித்துவிட்டு, "மாரியம்மன் கோயில்கிட்ட மேஜை போட்டு ஒக்காந்திருந்தாங்கம்மா, ஆதாரு கேட்டாங்க, குடுத்தேன்" என்றார்.

அதேதான். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பழைய பாஸ்புக்கை எத்தனை தடவை என்ட்ரி போட்டாலும் அதில் வராது. ஆயாவின் பணம் அவருக்கே தெரியாத ஒரு கணக்கில் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. மொத்தமாக எடுத்து வந்து என் கடையில்தான் எண்ணச் சொன்னார். எண்ணிக் கொடுத்தேன். கை நடுங்கியது அவருக்கு. இதைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ என்று அந்த மாதத் தாளிலேயே இரண்டு வரி அறிவிப்பாகப் போடச் சொல்லிக் கேட்டேன், போட்டார்கள். அதைப் பார்த்து நாலைந்து குடும்பம் வந்து கணக்கைச் சரிபார்த்துக்கொண்டது. பல வருடம் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளி சமயத்தில் திறந்ததே, அதற்குப் பிறகு சிவப்பு அட்டைக்கு (வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள்) எவ்வளவு, மஞ்சள் அட்டைக்கு (மற்றவர்கள்) எவ்வளவு, எந்தக் கடையில் எந்தத் தேதி என்பதும் இந்தத் தாளில் ஒழுங்காக வருகிறது.

சிபாரிசுக் கடிதம் விஷயத்திலும் ஆபீஸ் நேர்மையாக இருக்கிறது. கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் கடிதம் கேட்டு வருவார்கள். அது மத்திய அரசு நிறுவனம், இங்கிருந்து போகும் கடிதத்தால் உங்கள் வரிசை குறையாது, விடியற்காலையில் அங்கே போய்ச் சீட்டுப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வெறும் கடிதத்தைக் கையில் கொடுத்து ஒரு குடும்பத்தை அலையவிடுவதைவிட இது மேல்.

சரி, மீதி ஒன்றரை மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன்?

எனக்குப் பெரிய குறை இது. சட்டமன்ற உறுப்பினர் என்றால் சட்டமன்றத்தில் பேச அனுப்பியவர். பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிற அந்தக் கட்டடத்துக்குள் எங்களுக்காக அவர் என்ன கேட்டார்? தாளில் அதற்கு இடமே இல்லை. ஒரே ஒரு மாதம், பட்ஜெட் கூட்டம் முடிந்ததும், அரைப் பக்கம் போட்டார்கள்: குடிநீரில் உப்பு ஏறுவது பற்றி ஒரு கேள்வி, அமைச்சர் சொன்ன பதில். நகரத்தில் பல இடங்களில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, எவ்வளவு என்பது கேன் தண்ணீர் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அரைப் பக்கத்தைத்தான் நிறைய பேர் கடையில் காப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அந்தப் பகுதி வரவே இல்லை.

அது வர வேண்டும். வாய்க்கால் மூடியை நகராட்சியிடம் சொல்லி யார் வேண்டுமானாலும் போட வைக்கலாம். துறைகளுக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து நின்று குடிநீருக்கு ஏன் இவ்வளவுதான் ஒதுக்கினீர்கள் என்று கேட்க எங்கள் தெருவில் யாராலும் முடியாது. அதற்கு உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அமைச்சர் அவையில் 'ஆவன செய்யப்படும்' என்று சொன்னால் அது காற்றோடு போகிற பேச்சு அல்ல. அரசு கொடுத்த உறுதிமொழிகளைத் தொடர்ந்து கேட்கவே சட்டமன்றங்களில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தொகுதிக்குச் சொன்ன உறுதிமொழி எத்தனை, நிறைவேறியது எத்தனை என்று தாளில் ஒரு கட்டம் போட்டால் போதும். புதுச்சேரி சட்டமன்றம் 2025-ல் 'நேவா' என்ற காகிதமில்லா முறைக்கு வந்தது. கேள்வியும் பதிலும் கணினியில் இருக்கும்போது அதை எடுத்து எங்களுக்குப் புரிகிற தமிழில் நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகப் போகிறது? டைப் அடிக்க ஆள் இல்லை என்றால் நானே காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் பிறந்தது கடலூர் முதுநகர். அஞ்சலை அம்மாள் எங்கள் ஊர்க்காரர், சுதந்திரப் போராட்டத்தில் பல தடவை சிறை போனவர், 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். புவனகிரிப் பக்கம் தீர்த்தாம்பாளையத்துக்குத் தண்ணீர் இல்லாதபோது வீராணம் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்டிக் கொண்டுவந்தார், அதனால்தான் அஞ்சலை வாய்க்கால் என்று பெயர் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். உறுப்பினர் என்றால் எனக்கு அந்த அம்மாள் நினைவுதான் வரும். அவையில் பேசியதும் ஊரில் வந்த தண்ணீரும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தது. எங்கள் தாளில் தண்ணீர்ப் பகுதி இருக்கிறது, அவைப் பகுதி இல்லை.

அடுத்தது, தாள் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. கட்சிக்காரப் பையன்கள்தான் வீடு வீடாகப் போடுகிறார்கள். எந்த வீடு யாருக்கு ஓட்டுப் போட்டது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சில வீட்டுக்குப் போடுவதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் விட்டுவிடுகிறார்கள். மாடியில் குடியிருக்கிற குடும்பத்துக்கும் அதே வாய்க்கால் நாற்றம்தான். இது எல்லோருடைய வரிப்பணத்தில் நடக்கிற வேலையின் கணக்கு. ரேஷன் கடையில், அங்கன்வாடியில், டீக்கடையில் அடுக்கி வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என் கடையில் ஒரு கட்டு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது.

எழுத்தும் சின்னது. நான்கு பக்கத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று நெருக்கியிருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. அவர்களுக்கு அந்தந்தப் பக்கத்தை 141 சதவீதத்தில் வைத்து ஏ3-ல் பெரிதாக்கித் தருகிறேன். ஆபீசே பெரிய எழுத்தில் ஆறு பக்கமாகப் போட்டால் நல்லது.

நேரமும் சரியில்லை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் மனு வாங்குகிறார்கள். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு மனு கொடுக்க அரைநாள் சம்பளம் போகிறது. உறுப்பினர் சாயங்காலங்களில் ஆபீசில் உட்காருகிறார், ஆனால் அப்போது சீல் போட ஆள் இருப்பதில்லை. மறுபடி வாயால் சொல்லிவிட்டுப் போகிற பழைய கதைதான். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்தப் பெண்ணையோ வேறொருவரையோ உட்கார வைத்தால் இது தீர்ந்துவிடும்.

செலவுக் கணக்கும் போட வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று அட்டவணையில் ஒரு கட்டம் கூடினால் தாள் முழுமையாகும். 'முடியாதவை' என்று எழுதத் துணிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. தேர்தல் அறிவித்ததும் நன்னடத்தை விதி வந்து எம்.எல்.ஏ. ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். முடிவு வந்த பிறகு ஆள் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். மாறினால் இந்தப் பட்டியல் என்ன ஆகும்? 'மதிப்பீடு' கட்டத்தில் நிற்கிற வரிகளும் 'டெண்டர்' கட்டத்தில் நிற்கிற வரிகளும் பழைய கம்ப்யூட்டரோடு போய்விடுமா? உப்பனாறு வாய்க்கால் மேல் காமராஜர் சாலையிலிருந்து மறைமலை அடிகள் சாலைக்குக் கட்ட ஆரம்பித்த பாலம் ஆட்சி மாறி மாறி வருடக்கணக்கில் பாதியில் நின்றதை இந்த ஊரே பார்த்தது. தெருவுக்குள் அப்படி நிற்கிற சின்ன வேலைகள் யார் கண்ணிலும் படாது. இந்தப் பட்டியலின் ஒரு நகலை நகராட்சி ஆணையரிடமும் ஒன்றைத் தெரு நலச் சங்கங்களிடமும் இப்போதே கொடுத்து வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அதே எண்ணிலிருந்து தொடரட்டும். இதையே மனுவாக டைப் அடித்து ஆபீசில் கொடுத்திருக்கிறேன். எண்ணும் சீலும் போட்டுத் தந்தார்கள். தாளில் இன்னும் வரவில்லை.

போகிறவர்களுக்கு நடைமுறையில் உதவுகிற சில விஷயங்கள். மனுவில் ஒரே பிரச்சினையை எழுதுங்கள். விளக்கும் வாய்க்காலும் ஒரே மனுவில் இருந்தால் இரண்டு துறைக்குப் போக வேண்டும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். தெருப் பெயரோடு மின்கம்ப எண்ணையும் எழுதினால் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபம். முடிந்தால் ஒரு போட்டோ வையுங்கள், பகலில் எடுத்தது. இரண்டு நகல் கொண்டு போய் ஒன்றில் சீல் வாங்காமல் வராதீர்கள். உதவித்தொகை விஷயமாகப் போகிறவர்கள் ஆதார், ரேஷன் அட்டை, உங்கள் பெயரில் இருக்கிற எல்லா பேங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு போங்கள், பழையது வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம். புதன், வியாழன் காலையில் போனால் அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். தாள் மாதத்தின் முதல் வாரத்தில் வரும். வீட்டுக்கு வரவில்லை என்றால் ஆபீஸ் வாசலிலேயே கேட்டு வாங்கலாம், யாரும் எந்தக் கட்சி என்று கேட்பதில்லை.